கொண்டையும் கணக்கில் சேரும்

மருமகளுக்கு வேலை கிடைத்த செய்தியை மாமியார் மூன்று மாடிக்கும் சொல்லி முடித்துவிட்டார். அரசாங்க வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், ஞாயிறு விடுமுறை. எந்த அலுவலகம் என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்கு அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்துவிடும்.

"ஏன் அத்தை, ஜெயில்னு சொன்னா என்ன? நான் வேலைக்குத்தானே போறேன்?" என்றாள் மருமகள். முதல் நாள் காலை. அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லலாம்மா. ஜெயிலுக்குப் போறான்னு சொன்னா, எத்தனை வருஷம்னு கேப்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?"

வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "எங்கேயாவது மாட்டிக்கிட்டவங்களை வெளியில எடுக்கறது என் வேலை. நீ எனக்கு நேர் எதிரா உள்ள போற. குடும்பத்துல ஒரு சமநிலை வேணும்ல?"

"வாயை மூடுங்க. கை நடுங்குது, கொண்டை நிக்க மாட்டேங்குது."

கை நடுங்கியது உண்மைதான். ஒன்பது வருஷம் அவள் ஓர் அழகு நிலையத்தில் வேலை பார்த்தாள். நாலு சுவரிலும் கண்ணாடி. தும்மினால்கூடப் பத்துப் பேர் சேர்ந்து தும்முவது போலிருக்கும். முதலாளியம்மா கடையைக் கைமாற்றிவிட்டுப் போக, அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. மூன்று மாதம் வீட்டில் இருந்து பார்த்தாள். மாமியாரின் முடியை நான்கு விதமாக வெட்டினாள். ஐந்தாவது விதத்துக்கு மாமியார் தலையைக் கொடுக்க மறுத்த அன்றுதான் பெண்கள் சிறையில் முடி திருத்தும் பயிற்சிக்கு ஆசிரியை தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது.

"பயமா இருக்கா?" என்று கணவன் படியிறங்கும்போது கேட்டான்.

"பயம் இல்ல. அங்க இருக்கறவங்ககிட்ட என்ன பேசறதுன்னுதான் தெரியல. பார்லர்னா, 'எங்க போயிட்டு வர்றீங்க, லீவுக்கு எங்க போறீங்க'ன்னு கேக்கலாம். இங்க அதைக் கேட்டா அடிக்க வந்துடுவாங்க."

*

வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. ஒரு கதவு மூடினால்தான் மறுகதவு திறக்கும். அங்கே ஒரு மேசை, ஒரு தட்டு, தட்டுக்குப் பின்னால் வார்டன். அகலமான தோள், இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் யாரிடமும் கடன்படாத களை.

"போன்?"

கொடுத்தாள்.

"பை? பெல்ட்? கைக்கடிகாரம்?"

எல்லாம் தட்டுக்குப் போயின.

"தலையில என்ன?"

"ஊசி. கொண்டை ஊசி."

"எடுங்க."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணே ஒண்ணு இருந்தா பூட்டைத் திறக்கறதுக்கு உள்ள ஆள் இருக்கு."

அவள் ஒவ்வொன்றாக உருவித் தட்டில் போட்டாள். காலையிலிருந்து பாடுபட்டுக் கட்டிய கொண்டை பிசைந்த மாவு போல இளகிச் சரிந்தது. வார்டன் மேசை இழுப்பறையில் துழாவி ஒரு ரப்பர் பேண்டை எடுத்து நீட்டினார். "இதைப் போட்டுக்குங்க. இது பரவாயில்ல."

"உள்ள கத்தரிக்கோலே இருக்குமே மேடம். ஊசி மட்டும் ஆகாதா?"

"கத்தரிக்கோல் எங்களோடது. எண்ணி வச்சிருக்கோம். உங்க ஊசியை எவ எண்ணிக்கிட்டிருப்பா?"

அதற்கு மேல் பேச இடமில்லை. நீண்ட நடைபாதையில் வார்டன் முன்னால் நடந்தார், விதிகளைச் சாவிக்கொத்தின் தாளத்துக்கே சொல்லிக்கொண்டு. அவர்கள் என்ன தப்பு செய்து உள்ளே வந்தார்கள் என்று கேட்கக்கூடாது. எதையும் கொண்டுவரக்கூடாது, எதையும் வாங்கக்கூடாது. அவர்கள் உங்கள் மேல் விரலைக்கூட வைக்கக்கூடாது. வைத்தால் அவர்களுக்குத் தண்டனை.

"இன்னொண்ணு. உங்களைப் புகழ ஆரம்பிப்பாங்க. டீச்சர் சட்டை அழகு, டீச்சர் முடி அழகும்பாங்க. அப்ப உஷாராயிடணும். அங்கதான் ஆரம்பிக்கும் எல்லாம்."

"என்ன ஆரம்பிக்கும்?"

"அது ஆளுக்கு ஆள் மாறும்" என்றார் வார்டன், வகுப்பறைக் கதவைத் திறந்துகொண்டே.

*

வகுப்பறை ஒரு காலத்தில் துணி துவைக்கும் அறையாக இருந்தது. சுவரில் இன்னும் சோப்பு வாசனை. இரண்டு நாற்காலிகள், ஒரு தொட்டி. ஆசிரியைக்குப் பழக்கமான பொருள் ஒன்று மட்டும் அங்கே இல்லை. கண்ணாடி இல்லை. கண்ணாடி உடையும், உடைந்தால் கிழிக்கும் என்பதால் முன்சுவரில் தேய்த்து மெருகேற்றிய எஃகுத் தகடு ஒன்றைப் பதித்திருந்தார்கள். அதில் முகம் குளத்தில் தெரிவது போல அலையடித்தது. பின்பக்கம் காட்ட ஒரு கைக்கண்ணாடிகூடக் கிடையாது.

தகட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி. ஆணிக்குப் பின்னால் அந்தக் கருவியின் உருவம் கறுப்புப் பெயிண்டில் வரையப்பட்டிருந்தது: கத்தரிக்கோலுக்குக் கத்தரிக்கோல் நிழல், சீப்புக்குச் சீப்பு நிழல். கருவியை எடுத்தால் நிழல் மட்டும் பலகையில் நிற்கும்.

"வகுப்பு முடியற மணி அடிக்கும்போது ஒரு நிழல்கூட வெறுமையா தெரியக்கூடாது" என்றார் வார்டன். "தெரிஞ்சா நான் விசில் ஊதுவேன். ஊதினா எல்லாரும் அவங்கவங்க அறைக்குள்ள. கட்டடம் முழுக்கச் சோதனை. அன்னைக்கு யாருக்கும் பார்வையாளர் கிடையாது. போன டீச்சர் ஒரு நகவெட்டியை ஏப்ரன் பையிலேயே மறந்துட்டாங்க. அன்னைக்கோட அவங்களும் இல்ல, வகுப்பும் இல்ல. ஒண்ணரை வருஷம் கழிச்சு இப்பதான் திரும்பவும் திறந்திருக்கோம்."

இதைச் சொல்லிவிட்டு வார்டன் நடைபாதையில் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது. ஆள் கண்ணில் படவில்லை. ஆனால் அவர் காது உள்ளேதான் இருந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. ஆசிரியை மனப்பாடம் செய்துவைத்திருந்த அறிமுக உரையைத் தொடங்கினாள். இரண்டாவது வாக்கியத்திலேயே ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், நடுவுல பேசறதுக்கு மன்னிக்கணும். இந்த வகுப்பு முடிச்சா தர்ற சான்றிதழ்ல ஜெயில் பேர் இருக்குமா, இருக்காதா?"

"அது... எனக்குத் தெரியல. கேட்டுச் சொல்றேன்."

"இருக்கக்கூடாது. விதியில இருக்கு. நீங்க கேக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"அவ பேரு வக்கீல்" என்றாள் பக்கத்திலிருந்த உயரமானவள். "உள்ள வந்தப்புறம் ஆனவ. எல்லார் கேஸையும் பேசுவா, அவ கேஸைத் தவிர. நான் நெட்டை. ஏன்னு கேக்கறவங்களுக்குக் கண்ணு சரியில்லன்னு அர்த்தம்."

சிரிப்பு வந்தது ஆசிரியைக்கு. அறிமுக உரையின் மிச்சத்தை அங்கேயே விட்டுவிட்டாள். "சரி, முதல்ல யார் தலையில ஆரம்பிக்கலாம்?"

ஐந்து பேரும் ஆறாவது ஆளை முன்னால் தள்ளினார்கள். சின்ன உருவம். தலைமுடி ஒரு பக்கம் தோளுக்கும், ஒரு பக்கம் காதுக்கும், நடுவில் எந்தப் பக்கம் போவதென்று முடிவெடுக்காமலும் நின்றது.

"இவ குருவி" என்றாள் நெட்டை. "தலையில கூடு இருக்குல்ல, அதனால."

"யார் இப்படி வெட்டினாங்க?"

"நான்தான்" என்றாள் நெட்டை. "காகிதம் வெட்டற கத்தரிக்கோல்ல. நல்ல எண்ணத்துலதான் வெட்டினேன்."

குருவி நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தகட்டில் தெரிந்த அலைமுகத்தைப் பார்த்து, எத்தனையோ தடவை ஒத்திகை பார்த்தது போலச் சொன்னாள். "டீச்சர், இன்னைக்கு மூணு மணிக்கு என் பொண்ணு வர்றா. கடைசியா வந்தப்ப சண்டை போட்டுட்டுப் போனா. ரெண்டு வருஷம் ஆச்சு. இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்னு சொன்னவ, போன வாரம் வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்கா. ரெண்டு வருஷம் முன்னாடி எனக்குத் தோள் வரைக்கும் ஒரே நேரா இருக்கும் முடி. நீளம் குறைஞ்சாலும் பரவாயில்ல, அந்த மாதிரி நேரா வேணும். அவ உள்ள வந்து என்னைப் பார்த்ததும், இவங்க இங்க ரொம்பக் கஷ்டப்படறாங்கன்னு நினைக்கக்கூடாது. அவ்வளவுதான்."

ஆசிரியை கத்தரிக்கோலையும் வால்சீப்பையும் பலகையிலிருந்து எடுத்தாள். வால்சீப்பில் ஒரு பாதி கறுப்புப் பல், மறுபாதி எலிவால் போல நீண்ட இரும்புக் கம்பி. முடியைப் பாகம் பாகமாகப் பிரிக்க அந்த வால்தான்.

"சரி. எல்லாரும் சுத்தி நில்லுங்க. தொடாம பாருங்க."

கையில் கத்தரிக்கோல் ஏறியதும் நடுக்கம் இறங்கியது. முடி எங்கேயும் முடிதான். உச்சியிலிருந்து பிரித்தாள், நனைத்தாள், விரலிடுக்கில் பிடித்து நுனியைக் காட்டினாள். "பார்த்தீங்களா, கையைத் தூக்கினா கோணலாகும். முடியைக் கீழயே வச்சு வெட்டணும்." குனியும்போதெல்லாம் ஊசியில்லாத கொண்டை பிடரியில் வழுகியது. ஒரு தடவை தள்ளினாள், இரண்டாவது தடவை தள்ளினாள். மூன்றாவது தடவை கை தானே பின்னால் போய் எப்படியோ அதை நிற்கவைத்தது. அதற்கப்புறம் தொந்தரவு இல்லை. பின்பக்கம் முடிந்தது. வலது பக்கம் முடிந்தது, நூல் பிடித்தது போல.

"ஆத்தாடி" என்றாள் நெட்டை. "இது வேற தலை."

"டீச்சர்" என்றாள் வக்கீல். குரல் மாறியிருந்தது. "ஒரு சந்தேகம். தலையில ஏதாவது இருந்தா, அது இருக்குதுன்னு ஒருத்தருக்குத் தெரியுமா, தெரியாதா?"

"என்ன கேள்வி இது?"

"பாடம் சம்பந்தமாத்தான்."

"பேன் இருந்தா தெரியும்" என்றாள் ஆசிரியை. யாரும் சிரிக்கவில்லை.

நெட்டை கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினாள். "டீச்சர் கொண்டை எவ்வளவு அழகா இருக்கு! பின்னாடி ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன். நீங்களே அசந்துடுவீங்க."

ஆசிரியை உஷாரானாள். ஆரம்பித்துவிட்டார்கள். வார்டன் சொன்னது எழுத்துக்கு எழுத்து நடக்கிறது. "நன்றி. நாம பாடத்தைப் பார்ப்போம்."

"இல்ல டீச்சர், நிஜமாத்தான் சொல்றேன். அந்தக் கொண்டையை நான் கழட்டிப் போட்டா எப்படி இருக்கும்னு..."

"நெட்டை, கீழ விழுந்த முடியைப் பெருக்கு."

"பெருக்கறேன் டீச்சர். கொண்டையை மட்டும் ஒரு தடவை..."

"பெருக்குன்னு சொன்னேன்."

குருவிகூட நாற்காலியில் இருந்தபடியே தலையைத் திருப்பப் பார்த்தாள். "டீச்சர், உங்களுக்குக் கழுத்து வலிக்கலையா? பின்னாடி கொஞ்சம் பிடிச்சு விட்டுக்குங்க."

ஒன்பது வருஷத்தில் அவளுக்கு இப்படி அக்கறை காட்டிய வாடிக்கையாளர் ஒருத்திகூடக் கிடையாது. இது ஒரு கூட்டுச் சதி என்பதில் ஆசிரியைக்கு இனிச் சந்தேகமே இல்லை. ஏதோ ஒன்றிலிருந்து தன் கவனத்தைத் திருப்புகிறார்கள். முகத்தை முறைப்பாக வைத்துக்கொண்டு இடது பக்கத்தைத் தொடங்கக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

நடைபாதையில் சாவிக்கொத்து எழுந்து நின்றது.

"இன்னைக்குப் பார்வையாளர் நாள். கொஞ்சம் முன்னாடியே மூடறோம். கருவிகள் பலகைக்கு!"

"மேடம், ஒரு பக்கம் இன்னும்..."

"பலகைக்கு."

*

கத்தரிக்கோல் போயிற்று, பெரிய சீப்பு போயிற்று, கிளிப்புகள் போயின. வார்டன் பலகையின் பக்கத்தில் வந்து நின்று ஒரு விரலால் நிழல்களைத் தொட்டுத் தொட்டு வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது. வெள்ளைப் பலகையில் ஒரு வால்சீப்பு, கறுப்புப் பெயிண்டில், பல்லை இளித்துக்கொண்டு.

"எங்க அது?" என்றார் வார்டன்.

ஆசிரியை தொட்டிக்குள் பார்த்தாள். நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். பெருக்கிக் குவித்த முடிக்குள் கையை விட்டுத் துழாவினாள். கையை விட்ட இடமெல்லாம் வெறும் முடி. எடுத்தது ஞாபகம் இருக்கிறது. வலது பக்கம் முடிக்கும்வரை கையில் இருந்ததாகத்தான் நினைத்தாள். அதற்கப்புறம் தலையைப் பற்றியே பேசிப் பேசி இவர்கள்...

வார்டனின் கை கழுத்தில் தொங்கிய விசிலுக்குப் போனது. "கடைசியா யார் தலையில இருந்தது? நாற்காலியில நீதானே இருந்த? எந்திரி. கையைத் தூக்கு."

குருவி எழுந்தாள். பாதி முடி நேராக, பாதி கூடாக, இரண்டு கைகளும் மேலே. அவள் முகம் பலகைப் பக்கம் இல்லை. கதவுக்கு மேலே இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்கள் மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தன.

"டீச்சர், உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

இருந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது. வக்கீல்தான். அந்தக் கேள்வி, அந்தக் குரல், முதுகுக்குப் பின்னாலேயே வளைய வளைய வந்தது. சொல்லிவிட்டால் ஒரு ஆளோடு முடிந்துவிடும். மற்றவர்கள் தப்பிப்பார்கள். குருவியும் போகலாம். ஆசிரியை வாயைத் திறந்தாள். திறந்தபடியே முன்சுவர்த் தகட்டைப் பார்த்தாள்.

தகட்டில் அவளுக்குப் பின்னால் வரிசையாக நின்ற ஐந்து முகங்களும் அலையடித்துக்கொண்டு தெரிந்தன. ஒருத்திகூட வார்டனைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்க்கவில்லை. ஐந்து பேரும் ஒரே இடத்தை வெறித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிடரியை. நெட்டை உதட்டைக் கடித்துக்கொண்டு, புருவத்தைத் தூக்கித் தூக்கி, அங்கே, அங்கே என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

கை தானாகப் பின்னால் போயிற்று. ஊசியில்லாமல் வழுகிக்கொண்டே இருந்த கொண்டை, பிற்பகல் முழுக்க இத்தனை சமர்த்தாக நின்றது எதனால் என்று விரலுக்கு முதலில் தெரிந்தது. கறுப்பு முடிக்குள் கறுப்புப் பல். அதற்குக் கீழே, கழுத்தோரம், ஜில்லென்று ஒரு இரும்புக் கம்பி.

அழகு நிலையத்தில் என்றால் நாலு கண்ணாடியும் அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும்.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, வேறொரு யோசனை வந்தது. வார்டன் குருவியின் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சீப்பை மெதுவாக உருவிச் சட்டைக்கைக்குள் விட்டு, நாற்காலிக்கு அடியில் நழுவவிட்டு, 'இதோ இங்க இருக்கு' என்று குனிந்து எடுத்துவிடலாம். வேலை பிழைக்கும். வகுப்பு பிழைக்கும். ஆனால் அது குருவியின் நாற்காலி.

"மேடம், அவங்களை விடுங்க. என் தலையில இருக்கு."

சீப்பை உருவினாள். கொண்டை அவிழ்ந்து இடுப்புவரைக்கும் சரிந்தது. முடிக்கு நடுவிலிருந்து முகத்தை ஒதுக்கி எடுத்து, சீப்பை அதன் நிழல் மேல் மாட்டினாள். பலகை நிறைந்தது.

வார்டன் பலகையைப் பார்த்தார், ஆசிரியையைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். "எவ்வளவு நேரமா அங்க இருக்கு?"

"தெரியல மேடம்."

"எங்களுக்குத் தெரியும்" என்றாள் நெட்டை. "சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. இவங்க என்னைப் பெருக்கவிட்டுட்டாங்க."

"நேரா சொல்ல வேண்டியதுதானே?" என்றார் வார்டன்.

"சொன்னா உங்க காதுல விழாதா?" என்றாள் நெட்டை. "இன்னும் ஒண்ணரை வருஷம் காகிதக் கத்தரிக்கோல்."

வக்கீல் ஓரடி முன்னால் வந்தாள். "மேடம், நான் ஒரு வார்த்தை..."

"வேணாம்."

"ஒரே வார்த்தை. விதி என்ன சொல்லுது? வகுப்பு முடியற மணி அடிக்கும்போது பலகை நிறைஞ்சிருக்கணும். மணி அடிச்சதா? அடிக்கல. நீங்களா முன்னாடி வந்தீங்க. பலகை நிறைஞ்சிருக்கா? நிறைஞ்சிருக்கு. மணி அடிக்கறதுக்கு முன்னாடி கருவி எங்க இருக்கலாம்? தலையில. முடி வெட்டற கருவி தலையில இருக்கலாம்தானே? அது இன்னார் தலைன்னு விதியில எங்கயும் எழுதல."

"இது ஒரே வார்த்தையா?"

"கடைசியா ஒண்ணு. இவங்க தலையில வழக்கமா இருக்கற ஊசியெல்லாம் இன்னைக்கு எங்க?"

காலையில் தலைவாசல் தட்டில் வாங்கிவைத்த ஊசிகள் வார்டன் கண்ணில் ஒரு கணம் மின்னியிருக்க வேண்டும். விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டார். அப்போதுதான் நடைபாதையின் கோடியில் மணி அடித்தது. இத்தனை நிதானமாக ஒரு மணி அடித்ததை ஆசிரியை அதற்கு முன் கேட்டதில்லை.

"மணி அடிச்சப்ப பலகை நிறைஞ்சிருந்தது" என்றார் வார்டன், யாரையும் பார்க்காமல். "நான் பார்த்தது அது. நாளையிலேருந்து பலகையை எண்ணினப்புறம் கொண்டையையும் எண்ணுவேன். கொண்டையும் கணக்குல சேரும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மேடம்."

பலகையின் கம்பிக்கதவு பூட்டிக்கொண்டது. குருவி இன்னும் கைகளைத் தூக்கியபடியே நின்றாள். நெட்டை போய் அவற்றை இறக்கிவிட்டாள்.

"குருவி..." என்று ஆசிரியை அவள் பக்கம் போனாள். "இடது பக்கம் அப்படியே நின்னுபோச்சு. என்னாலதான். உங்க எல்லாரையும் நான் சந்தேகப்பட்டேன். மன்னிச்சுடுங்க."

"சந்தேகப்படத்தான் எங்களை இங்க வச்சிருக்கு" என்றாள் வக்கீல். "அது ஒண்ணும் புதுசு இல்ல. வாயைத் திறந்துட்டுச் சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுதான் புதுசு."

குருவி தகட்டின் முன்னால் போய் நின்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கம் ஆசிரியை செய்தது, ஒரு பக்கம் நெட்டை செய்தது. "பரவாயில்ல டீச்சர். வலது பக்கம் தெரியற மாதிரி உக்காந்துக்கறேன்."

*

வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவிலிருந்த சின்ன அறையில், மாலையில், போனும் பையும் கைக்கடிகாரமும் திரும்பி வந்தன. கடைசியாக ஊசித் தட்டு வந்தது. ஆசிரியை ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு கொண்டை போடத் தொடங்கினாள். பக்கத்தில் ஒரு பெண், பத்தொன்பது இருபது வயது, பார்வையாளர் பெட்டியிலிருந்து தன் பையை எடுத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் ஆசிரியையின் முடியைப் பார்த்தாள்.

"நீங்கதான் கொண்டை டீச்சரா?"

ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள். ஆசிரியை ஊசிகளோடு தலையை ஆட்டினாள்.

"எங்கம்மா சொன்னாங்க. முதல்ல சொல்லல. நான் உள்ள போனதுலேருந்து எனக்கு ஒரு பக்கத்தை மட்டும் காட்டிக்கிட்டு, சுவத்தைப் பார்த்தே உக்காந்திருந்தாங்க. 'நல்லா இருக்கியா'ன்னு சுவத்தைக் கேக்கறாங்க. 'சாப்பிடறியா'ன்னு சுவத்தைக் கேக்கறாங்க. இன்னும் என் மேல கோவம் போகல போலன்னு நினைச்சேன். ரெண்டு வருஷம் வராதவளுக்கு இதுதான் கிடைக்கும்னு எழுந்துட்டேன் அக்கா. கதவுவரைக்கும் போயிட்டேன்."

ஆசிரியையின் கை கொண்டையிலேயே நின்றுவிட்டது.

"அப்ப பதறிப்போய்த் திரும்பினாங்க. அந்த இன்னொரு பக்கம்..." அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று முதலில் தெரியவில்லை. பிறகு சிரிப்புதான் என்று தெரிந்தது. "ஐயோ, என்ன அக்கா அது? 'யாரும்மா இப்படி வெட்டினது'ன்னு கேட்டேன். அங்கேருந்து ஆரம்பிச்சது. நெட்டைங்கறாங்க, வக்கீலுங்கறாங்க, சீப்புங்கறாங்க. நேரம் முடிஞ்சுபோச்சுன்னு காவலர் வந்து சொல்றவரைக்கும் சிரிச்சுட்டே இருந்தோம். நான் சொல்லணும்னு வச்சிருந்த எதையுமே சொல்லல."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வெளிக்கதவு திறக்கும் விளக்கு எரிந்தது.

"அடுத்த வாரம் சொல்லணும். அதுக்குள்ள அந்தப் பக்கத்தையும் முடிச்சுடுங்க அக்கா. என்னை நேரா பார்த்து உக்காரணும் அவங்க."

"உக்கார வச்சுடறேன்" என்றாள் ஆசிரியை, வாய் நிறைய ஊசியோடு. வார்த்தை எப்படி வெளியே வந்ததோ, அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

ஆசிரியை கடைசி ஊசியையும் செருகிக்கொண்டு வெளியில் காலை வைத்தபோது, பின்னாலிருந்து சாவிக்கொத்து ஓடிவரும் சத்தம் கேட்டது.

"கொண்டை டீச்சர்! நில்லுங்க!" வார்டன் மூச்சிரைக்கத் தட்டை நீட்டினார். தட்டின் ஓரத்தில், வளைந்து, ஒரே ஒரு ஊசி. "ஒண்ணை விட்டுட்டுப் போறீங்க. காலையிலேயே எண்ணி வச்சேன்."